ரூட்டருக்கு ஒரு பெட்டி

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் கழித்து, தன் மனைவிக்கு இவ்வளவு இதமான குரல் இருக்கிறது என்பதைத் தச்சர் ஒரு மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்று தெரிந்துகொண்டார். வேறு ஆளாக இருந்தால் உச்சி குளிர்ந்திருக்கும். இவருக்கு வயிறு எரிந்தது. அந்தக் குரல் இவருக்காகப் புறப்பட்டது இல்லை. முன்பின் தெரியாத யாரோ ஒருவன் வீட்டில் இன்டர்நெட் வரவில்லையாம், அவனுக்காக.

முதலிலிருந்து சொன்னால்தான் அந்த எரிச்சலின் நியாயம் புரியும். நியாயம் இருந்ததா என்பது வேறு விஷயம்.

மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று மனைவி ஒரு வேலை தேடிக்கொண்டாள். ஃபைபர் இன்டர்நெட் கொடுக்கும் கம்பெனியில், போனில் புகார் கேட்கும் வேலை. பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஏழு வரை. முதல் இரண்டு மாதம் ஆபீசுக்குப் போய் வந்தாள். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நல்ல பெயர் எடுத்துவிட்டதால், இனிமேல் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சொல்லி, கம்பெனியே வீட்டுக்கு ஒரு கனெக்‌ஷனும் கொடுத்தது. ஒரே ஒரு நிபந்தனைதான். மூன்று மாதம் பார்ப்பார்கள். பேச்சு நடுவில் அறுந்து அறுந்து போனாலோ, பின்னால் வீட்டுச் சத்தம் கேட்டாலோ, மறுபடி ஆபீசுக்கே வந்துவிட வேண்டும்.

கனெக்‌ஷன் கொடுக்க லைன்காரர் வந்தார். தோளில் ஏணி, கையில் ஒரு சுருள் கேபிள், இடுப்பில் பாதிக் கடையே தொங்கியது. வீட்டின் முன்னால் தகரக் கூரை போட்ட ஷெட், அதுதான் தச்சரின் பட்டறை. அதைத் தாண்டினால் ஹால். ஹாலுக்குப் பின்னால் தச்சரே செய்து நிறுத்திய ஒரு மரத் தடுப்பு, மார் உயரத்துக்கு. தடுப்புக்கு அந்தப் பக்கம் குறுகலான நடை, நடையில் ஃபிரிட்ஜ், அதற்குப் பிறகு சமையலறை, கடைசியில் மகள் இருந்த பின்னறை. மனைவி வேலைக்கென்று அந்தப் பின்னறையைத்தான் ஒழித்து வைத்திருந்தாள்.

"ரூட்டர எங்கங்க வைக்கட்டும்?" என்று லைன்காரர் கேட்டார்.

"இங்கயே வாசல் பக்கம் வச்சிடுங்க. ஒயர் மிச்சமாகும்" என்றார் தச்சர்.

மனைவி நடையிலிருந்து குரல் கொடுத்தாள். "வாசல்ல வச்சா பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும். வீட்டுக்கு நடுவுல வைங்க. அந்தத் தடுப்பு மேல, நாலு பக்கமும் தொறந்த மாதிரி. பக்கத்துல கண்ணாடி, தகரம் எதுவும் வராம பாத்துக்கோங்க."

லைன்காரர் கையில் இருந்த டிரில்லைக் கீழே வைத்துவிட்டார். "அக்கா, நீங்க புகார் லைன் அக்காதான? இந்தக் குரல எங்க கேட்டாலும் கண்டுபிடிச்சிடுவேன். போன மாசம் மழையில ஏணி மேல நின்னேன், ஞாபகம் இருக்கா? 'அவசரமே இல்லைங்க, பாத்து இறங்குங்க, வேலை எங்கயும் ஓடிடாது'ன்னு சொன்னீங்க. எங்க வீட்ல கூட யாரும் அப்படிச் சொன்னதில்ல."

மனைவி வாயெல்லாம் பல்லாக வெளியே வந்து, "அட, நீங்கதானா அது" என்றாள்.

தச்சர் தன் இடது கைக் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். போன வருடம் இழைப்பு மெஷினில் நகத்தோடு பிய்ந்து ரத்தம் கொட்டிக்கொண்டு உள்ளே ஓடி வந்தபோது இதே வாய் சொன்னது, "கண்ண எங்க வச்சிருந்தீங்க?" என்பதுதான். துணி கிழித்துக் கட்டினாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், எல்லாம் செய்தாள். ஆனால் பார்த்து இறங்குங்க என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்ததா? ஏணிக்காரனுக்கு வந்திருக்கிறது.

"கஸ்டமருங்க எல்லாம் அந்த அக்கா கிட்டயே குடுங்கன்னு கேப்பாங்கண்ணே" என்று லைன்காரர் அவரிடமே பெருமையாகச் சொன்னார். "கேப்பாங்க, கேப்பாங்க" என்றார் தச்சர், பல்லைக் கடித்துக்கொண்டு.

ரூட்டர் தடுப்பின் மேல் உட்கார்ந்தது. லைன்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தார். பின்னறையில் கூட சிக்னல் கோடு எல்லாம் முழுசாக நின்றது. போகும்போது ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். ரூட்டருக்குப் பக்கத்தில் எதெல்லாம் இருக்கக் கூடாது என்று படம் போட்டு, ஒவ்வொரு படத்தின் மேலும் சிவப்புக் கோடு அடித்த தாள். இரும்பு பீரோ, முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி, தகரம். தச்சர் அதை மடித்து, பட்டறையில் ஆணி டப்பாவுக்கு அடியில் வைத்தார். அப்போது மனசில் எதுவும் இல்லை. சத்தியமாக இல்லை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்கு மனைவி பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர் குடிக்க நடைக்கு வந்த தச்சர், தண்ணீர் குடித்து முடித்த பிறகும் அங்கேயே நின்றார்.

"பரவாயில்லைங்க, நீங்க மெதுவாவே சொல்லுங்க. ஒண்ணும் அவசரமில்ல. நான் லைன்லயே இருக்கேன்."

அடடா, என்ன குரல். காய்ச்சல்காரன் நெற்றியில் கை வைத்த மாதிரி இருந்தது. தச்சருக்கு ஒரு நாளில் கிடைக்கும் வார்த்தைகளை அவர் அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தார். சாப்பாடு மேஜைல இருக்கு. செருப்பக் கழட்டிட்டு வாங்க. மரத்தூள உதறுங்க. கரன்ட் பில் கட்டியாச்சா. எல்லாம் காய்ந்த சுள்ளி. ஈரமெல்லாம் ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடக்கிக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு. தச்சர் மெஷினை நிறுத்திவிட்டு மணி பார்த்தார். ஐந்தரை. மறுநாளும் ஐந்தரைக்குச் சிரிப்பு. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, சும்மா கேட்கிற மாதிரி கேட்டார். அவருக்குச் சும்மா கேட்கிற மாதிரி கேட்கத் தெரியாது.

"அஞ்சரைக்கு யாரு கூட அப்படி ஒரு சிரிப்பு?"

"அவரா? அவருக்கு நாங்க அஞ்சரை மணிக்காரர்னே பேரு வச்சிருக்கோம். தினமும் அஞ்சரைக்கு டாண்ணு கூப்பிடுவார். ரூட்டர்ல பச்ச லைட் எரியுதா சார்னு கேட்டேன். ரூட்டர்ல என்னம்மா, வீட்லயே லைட் எரியலங்கிறார். மெயின ஆஃப் பண்ணி வச்சிட்டு இன்டர்நெட் வரலன்னு புகார்."

"வயசு என்ன இருக்கும்?"

"வயச யாரு கேட்டா? நானென்ன பொண்ணா பாக்கப் போறேன் அவருக்கு?" என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

கேள்விக்குப் பதில் இல்லை. வயசு சொன்னாளா? சொல்லவில்லை. தச்சரின் மண்டைக்குள் அஞ்சரை மணிக்காரருக்கு முப்பத்தெட்டு வயதாகி, நல்ல உயரமாகி, இஸ்திரி போட்ட சட்டையும் மாட்டிக்கொண்டார். இரண்டு நாளில் அவருக்கு மீசை கூட வந்துவிட்டது.

தச்சர் பெரிதாக எதற்கும் ஆசைப்படவில்லை. அவளை வேலையை விடச் சொல்ல வேண்டும் என்று ஒரு கணமும் நினைக்கவில்லை. அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் ஹாலில் உட்கார்ந்து பேசட்டும். அந்தக் குரல் யாருக்கு வேண்டுமானாலும் போகட்டும், போகிற வழியில் தன் காதையும் தொட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் அதை வாய் திறந்து கேட்க முடியுமா? நாற்பத்தொன்பது வயதில், 'நீ பேசுறது எனக்கும் கேக்கணும்' என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? வாயால் முடியாததைக் கையால் செய்து பழகிய ஆள் அவர். கை அரித்தது.

ஆணி டப்பாவுக்கு அடியில் இருந்த தாள் ஞாபகம் வந்தது. எடுத்து விரித்தார். இத்தனை நாள் செய்யக் கூடாதவை என்று இருந்தது, இப்போது செய்முறை மாதிரி தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் இருந்தார். திங்கட்கிழமை காலை ஒரு பெட்டியைக் கொண்டுவந்து தடுப்பின் மேல் வைத்தார். ரூட்டர் உள்ளே உட்காரும் அளவுக்கு ஒரு பெட்டி. முன்பக்கம் சாய்வுச் சட்டங்கள், காற்றுப் போக. ஓரமெல்லாம் தேக்கு, மற்றதெல்லாம் பிளைவுட், மேலே மைக்கா. ஒரு இடத்தில் கூட ஆணித் தலை தெரியாது. பின்பக்கம், அதாவது பின்னறையைப் பார்த்த பக்கம், பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் நடுவில் ஷெட் கூரையில் மிஞ்சிய தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, பசை போட்டு ஒட்டி, அழுத்தி, விளிம்பை இழைத்து மூடியிருந்தார். தடவிப் பார்த்தாலும் தெரியாது. முப்பது வருடத் தொழிலில் இவ்வளவு சுத்தமாக ஒரு கெட்ட காரியத்தை அவர் செய்ததில்லை.

"பட்டறைத் தூள் ரூட்டர்ல ஏறுது. அதான்" என்றார்.

மனைவி பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். விரலால் தேக்கு ஓரத்தைத் தடவினாள். "எனக்காகவா செஞ்சீங்க? வீட்டு ஜன்னல் கொக்கி உடைஞ்சு ரெண்டு வருஷமாச்சு, கேட்டு கேட்டு வாய் வலிச்சிப் போச்சு. இத கேக்காமயே செஞ்சிருக்கீங்க." அவள் முகம் அப்படி மலர்ந்துவிட்டது. தச்சருக்கு ஒரு நொடி நெஞ்சில் சுருக்கென்றது. சொல்லிவிடலாமா என்று கூட இருந்தது. ஆனால் ஐந்தரை மணி ஞாபகம் வந்தது. சுருக் போய்விட்டது.

பெட்டி தன் வேலையைச் செய்தது. பின்னறையில் ஒரு கோடு நிற்கும், அதுவும் சில நேரம் படுத்துவிடும். உள்ளேயிருந்து அவள் குரல், "ஹலோ, கேக்குதுங்களா? ஹலோ, ஹலோ?" என்று வந்தது. மூன்று நாள் போராடினாள். நாலாம் நாள் ஒரு சின்ன மேஜையையும் நாற்காலியையும் தானே தூக்கிக்கொண்டு வந்து ஹாலில் போட்டாள், பெட்டிக்கு நேர் எதிரே. அங்கே எல்லாக் கோடும் முழுசாக இருந்தது. பட்டறைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு திறந்த கதவுதான்.

தச்சர் நினைத்தது நடந்துவிட்டது. நடந்த பிறகு நிம்மதி வர வேண்டுமே, வரவில்லை. மூடிய கதவுக்குப் பின்னால் பாதிதான் கேட்டது, இப்போது முழுசாகக் கேட்டது. ஒருவரிடம், "உங்க குரலே ஒரு மாதிரி இருக்கே சார், சாப்ட்டீங்களா?" என்றாள். இன்னொருவரிடம், "நீங்க கோவப்படறதுல தப்பே இல்லைங்க, உங்க இடத்துல நான் இருந்தாலும் கோவப்படுவேன்" என்றாள். ஒரு தரம் கூட என் கோபத்தில் தப்பில்லை என்று இவள் சொன்னதுண்டா என்று தச்சர் இருபத்திரண்டு வருடத்தையும் புரட்டிப் பார்த்தார். மெஷின் ஓடினால் பேச்சு கேட்காது. அதனால் மெஷினை நிறுத்திவிட்டு, கையில் உப்புத்தாளை வைத்துக்கொண்டு, தேய்த்த பலகையையே தேய்த்தார். ஒரு பீரோ ஆர்டர் நாலு நாள் தள்ளிப் போனது. பீரோக்காரர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அந்தச் சத்தமும் அவள் போனில் விழுந்தது.

ஐந்தரைக்கு அவள் முகத்தில் சிரிப்பு வருவதை இப்போது கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அந்த நேரம் பார்த்து தச்சர் கதவோரத்துக்கு ஒரு ஆணி தேடி வருவார். ஆணி அங்கே என்றுமே இருந்ததில்லை.

அவளுக்கு வேறு கவலை. கம்பெனி மேலாளர் கூப்பிட்டு, ஹாலில் வைத்துப் பேசினால் பின்னால் சுத்தியல் சத்தம் கேட்கிறது, மார்க் குறைகிறது என்று சொல்லிவிட்டார். "ஊர்ல எத்தன வீட்ல போன்லயே சரி பண்ணிக் குடுக்கிறேன். என் வீட்ல எனக்குப் பிடிபடல" என்று அவள் புலம்பினாள். லைன்காரரை வரச் சொன்னாள்.

லைன்காரர் போனைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் நின்றார், முழுக் கோடு. பின்னால் போய் நின்றார், ஒரே கோடு. மறுபடி முன்னால் வந்தார், மறுபடி பின்னால் போனார். "விசித்திரமா இருக்கே. பொட்டிய ஒரு தரம் தொறந்து பாக்கலாமாண்ணே?"

"அத அப்படியே தடுப்போட சேத்து ஒட்டியாச்சு. கழட்டினா மைக்கா பேந்துடும்" என்றார் தச்சர்.

"அப்ப ஒரு கேபிள் இழுத்து நேரா பின் ரூமுக்கே குடுத்துடறேன். அஞ்சு நிமிஷ வேலை."

"வீடு பூரா ஒயர் தொங்கவா? இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கேன்."

சுவரில் பெயின்ட் அடித்து மூன்று வருடம் ஆகியிருந்தது. மனைவி தலையைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். தச்சர் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து, தரையில் இல்லாத ஆணியை மறுபடி தேட ஆரம்பித்தார்.

மறுநாள் காலை ஃபிரிட்ஜுக்குக் கீழே கரன்ட் பில் விழுந்து கிடந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் தக்காளியைக் காணோம். மகள் சின்ன வயதில் வாங்கி ஒட்டிய, தக்காளி மாதிரி செய்த காந்தம். "இதுல இருந்த தக்காளி எங்க?" என்று கேட்டார்.

"எங்கயாவது இருக்கும்" என்றாள் அவள், காய்ந்த குரலில். அவர் பில்லை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு மறந்துபோனார்.

அதற்கப்புறம் பத்து நாள் அவள் ஹாலில்தான் உட்கார்ந்தாள். வழக்கம்போல் சமைத்தாள், வழக்கம்போல் மரத்தூளை உதறச் சொன்னாள். ஆனால் சாப்பிடும்போது தட்டைப் பார்க்காமல் இவரைப் பார்த்தாள். இரண்டு மூன்று தரம், "என் கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்றும் கேட்டாள். "எனக்கென்ன சொல்ல இருக்கு?" என்றார் தச்சர் ஒவ்வொரு தரமும்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நாளைலருந்து ஆபீஸ் போறேன். நானே கேட்டு வாங்கிட்டேன்."

"ஏன், இங்க நல்லாத்தான போயிட்டிருக்கு?"

"நல்லாவா?" என்றாள். மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை பத்தரைக்கு அவள் பை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தச்சர் மெஷினை ஓட்டினார். சத்தமாக ஓட்டினார். யாருக்கும் இடைஞ்சல் இல்லை, யாரும் எதையும் குறைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டுக்கு உள்ளே வந்தார். நடையைத் தாண்டிச் சமையலறைக்குப் போகத் திரும்பினார். கால் அப்படியே நின்றுவிட்டது.

பெட்டியின் பின்பக்கத்தில், மைக்காவின் மேல், நட்டநடுவில் தக்காளி ஒட்டிக்கொண்டிருந்தது.

மரத்தில் காந்தம் ஒட்டாது. அது தச்சருக்குத் தெரியும். இப்போது அவளுக்கும் தெரிந்திருக்கிறது. எடுத்துப் பார்த்தார், கையோடு வந்தது. விட்டார், டக்கென்று ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது.

கரன்ட் பில் விழுந்து எத்தனை நாள் ஆச்சு? விரல் விட்டு எண்ணினார். லைன்காரர் வந்துபோன மறுநாள். அப்படியென்றால் முதல் நாள் ராத்திரியே காந்தத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டு, தக்காளியை எங்கோ ஒளித்து வைத்துவிட்டு, பத்து நாள் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஏதாவது சொல்லணுமா என்று கேட்டாளே. சந்தேகத்தில் கேட்டாள் என்று இவர் நினைத்தார். இல்லை. முழுசாகத் தெரிந்துகொண்டு, இவர் வாயால் வரட்டும் என்று பத்து நாள் காத்திருந்திருக்கிறாள். பெட்டியைப் பார்த்து எனக்காகவா என்று மலர்ந்த முகம் ஞாபகம் வந்தது. தச்சர் நடையிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆபீசில் அவள் போனை வாங்கி லாக்கரில் பூட்டி வைத்துவிடுவார்கள். ஏழு மணி வரை அவளைப் பிடிக்க ஒரே ஒரு நம்பர்தான் இருந்தது. புகார் சொல்ல எல்லோரும் கூப்பிடும் நம்பர். போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில் அழைத்தபோது, அவர் பார்த்து வைத்த நேரம் இல்லை அது, மணி ஐந்தரை ஆகியிருந்தது.

பாட்டு ஓடியது. வேறு ஒரு பெண் எடுத்தாள். தச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அந்த... இன்னொரு அம்மா இருப்பாங்களே. அவங்க கிட்ட குடுங்க" என்றார். எத்தனை பேர் இப்படிக் கேட்டதற்கு எரிந்த வயிறு அது.

"எல்லாரும் அவங்களயே கேளுங்க. நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?" என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டு லைனை மாற்றினாள்.

"வணக்கம். சொல்லுங்க சார், உங்களுக்கு என்ன உதவி வேணும்?"

அந்தக் குரல். அதே இதம். அவள் திரையில் இவர் நம்பர் தெரியும், யார் என்று தெரியும். தெரிந்தும் அதே இதம், அதே சார். இத்தனை நாள் ஆசைப்பட்ட குரல் நேராகத் தன் காதுக்கே வந்தபோது, தச்சர் போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். ஊரில் யாரோ ஒருவனாகத் தன்னை அவள் ஆக்கிவிட்டாள் என்று தோன்றியது.

"பின் ரூம்ல... சிக்னல் இல்ல" என்றார்.

"ரூட்டர் எங்க சார் வச்சிருக்கீங்க?"

"ஒரு பொட்டிக்குள்ள."

"பொட்டி எதுல செஞ்சது?"

"மரம்." போனை மறு காதுக்கு மாற்றினார். "பின்பக்கம் மட்டும்... உள்ள தகரம்."

"பரவாயில்லைங்க சார். சில பேர் தெரியாம அப்படிச் செஞ்சிடுவாங்க."

இவ்வளவு பெரிய வழியை அவள் திறந்துவிட்டாள். ஆமாம் தெரியாமத்தான் என்று சொல்லி நழுவிவிடலாம். தச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியாம இல்ல. தெரிஞ்சுதான் வச்சேன். நீ அந்தக் கதவச் சாத்திட்டுப் பேசுறது எனக்குத் தாங்கல. எனக்குப் பொறாம."

லைனில் அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்கள் பேசும் இரைச்சல் கேட்டது.

"சரிங்க சார்" என்றாள். "ரூட்டர வெளிய எடுத்து, தொறந்த இடத்துல வைங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தச்சர் போனைத் தரையில் வைத்துவிட்டு உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். மைக்கா பெயர்ந்தது, தேக்கு பிளந்தது. தகரம் கையைக் கீறிக்கொண்டு வந்தது. ரூட்டரை எடுத்துத் தடுப்பின் மேல், முதல் நாள் இருந்த இடத்திலேயே வைத்தார். போனை எடுத்துக் காதில் வைத்தபோது அவள் இருந்தாள். பின்னறைக்குப் போகச் சொன்னாள். போனார். எத்தனை கோடு என்று கேட்டாள்.

"முழுசா இருக்கு" என்றார். மேஜையும் நாற்காலியும் எடுத்த அறை வெறுமையாக இருந்தது. "நீ நாளைலருந்து இங்கயே உக்காரலாம். கதவச் சாத்திக்க. நான் பக்கத்துல கூட வரமாட்டேன்."

"எனக்கு இங்க நல்லா இருக்கு சார். இங்க யாரும் பொட்டி செய்ய மாட்டாங்க." குரலில் இன்னும் அந்த இதம் போகவில்லை. "வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

இல்லை என்று சொன்னால் வைத்துவிடுவாள். தச்சர் ஒன்றும் சொல்லாமல் நின்றார். பதில் சொல்லாதவர் லைனை அவர்களாகத் துண்டிக்கக் கூடாது என்பது கம்பெனி விதி, அதை அவளே ஒரு நாள் சொல்லியிருக்கிறாள்.

"கைய கீறிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது.

"லேசா."

"கண்ண எங்க வச்சிருந்தீங்க?"

காய்ந்த சுள்ளி. சுத்தமான, கலப்படமில்லாத சுள்ளி. இந்தக் குரல் ஊரில் வேறு யாருக்கும் கிடைக்காது என்பது இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு உறைக்கவே இல்லை.

"எனக்கும் ஒரு புகார் இருக்கு. அத இந்த லைன்ல சொல்லக் கூடாது, பதிவாகும்" என்றாள். "எட்டு மணிக்கு பஸ் ஸ்டாப்புக்கு வாங்க. பெருசு, நடந்துக்கிட்டே கேக்கணும். அதுக்குள்ள அந்தத் தக்காளிய எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, பில்ல கட்டுங்க. இப்ப வைங்க, அஞ்சரை மணிக்காரர் வெயிட்டிங்ல இருக்கார்."

தச்சர் வைத்தார். வயிறு ஒரு தரம் எரியத்தான் செய்தது. கையைக் கழுவிக்கொண்டு, ஏழு மணிக்கே பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தார்.